வாசகர் கேள்வி – பதில்: தரைவழித் தொலைபேசியிலிருந்து இணையத் தொலைபேசிக்கு

சென்ற இரண்டு மாதங்களாகத் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பல, ஒரே பொருளைப் பற்றியே கேட்கின்றன. பழைய செம்புக் கம்பித் தொலைபேசியை விட்டு, இணையத்தின் வழியே பேசும் தொலைபேசிக்கு மாறலாமா, மாறினால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதே அது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 74. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு 031 எனத் தொடங்கும் ஒரே எண்தான். ஜோகனஸ்பர்க்கில் இருக்கும் மகனும், உறவினரும், கோயில் நிர்வாகத்தாரும் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். கடந்த ஆண்டில் மூன்று முறை தெருக்கம்பியைத் திருடர்கள் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசி முறை இணைப்பு திரும்பிவர ஏழு வாரங்கள் ஆயின. இப்போது ஃபைபர் (கண்ணாடி இழை வழி இணையம்) விற்க வந்த பையன், "பழைய லைனை நிறுத்திவிடுங்கள் ஆயா, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறான். கணக்கோ மறைந்த என் கணவர் பெயரில் இருக்கிறது. எண் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. – ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பழைய இணைப்பை நிறுத்தச் சொல்லி நீங்கள் யாருக்கும் எழுதியும் கொடுக்காதீர்கள், தொலைபேசியிலும் சொல்லாதீர்கள். அந்தப் பையன் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருக்கலாம்; ஆனால் சொன்ன வரிசை தவறு. இணைப்பு நிறுத்தப்பட்டால் அந்த எண் உங்களுடையதாக இல்லாமல் பழைய நிறுவனத்தின் இருப்புக்குத் திரும்பிவிடுகிறது. அதன்பின் அதை வேறு நிறுவனத்துக்கு மாற்ற வழியில்லை. எண் மாற்றம் என்பது உயிருள்ள இணைப்பில் மட்டுமே நடக்கக் கூடியது. மாற்றம் முடிந்ததும் பழைய இணைப்பின் பேச்சுச் சேவை தானாகவே முடிந்துவிடும். அதுவரை மாதக் கட்டணத்தை விடாமல் கட்டி வாருங்கள்.

எண்ணைக் கையோடு எடுத்துச் செல்லும் உரிமை இந்நாட்டில் நமக்கு உண்டு. செல்பேசி எண்களுக்கு அது 2006ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. 031, 033, 011 போன்ற ஊர்க்குறியீடு கொண்ட எண்களுக்கு 2010ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆகவே, "புது எண் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகளாக உறவினர் மனப்பாடமாக வைத்திருக்கும் எண், ஒரு முகவரியைப் போன்றது. எங்கோ மூலையில் இருக்கும் பழைய டைரியைப் பார்த்து, மரணச் செய்தி சொல்லவோ திருமணத்துக்கு அழைக்கவோ யாரோ ஒருவர் அந்த எண்ணைச் சுழற்றுவார் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

உங்கள் விஷயத்தில் உண்மையான தடை, கணக்கு கணவர் பெயரில் இருப்பதுதான். எண் மாற்றக் கோரிக்கையில் எழுதும் பெயரும் அடையாள எண்ணும் பழைய நிறுவனத்தின் பதிவில் இருப்பதோடு பொருந்தாவிட்டால் கோரிக்கை திருப்பி அனுப்பப்படும். ஆகவே ஃபைபரைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, இறப்புச் சான்றிதழையும் உங்கள் அடையாள அட்டையையும் கடைசி மாத பில்லையும் எடுத்துக்கொண்டு பழைய நிறுவனத்தின் கிளைக்கு நேரில் சென்று கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வேறு எந்தக் காகிதம் தேவை என்று கேட்டு, அதைச் சொன்னவரின் பெயரையும் குறிப்பு எண்ணையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கித் தொகை ஏதாவது நின்றால் அதையும் தீர்த்துவிடுங்கள். உங்கள் பெயர் அச்சிட்ட முதல் பில் வீட்டுக்கு வந்த பிறகு அடுத்த வேலையைத் தொடங்கலாம்.

அந்த அடுத்த வேலையிலும் அவசரப்பட வேண்டாம். புதிய நிறுவனத்திடம் முதலில் ஒரு தற்காலிக எண் கேளுங்கள். ஊர்க்குறியீடு இல்லாத 087 எண்ணாக அது பெரும்பாலும் இருக்கும். பழைய தொலைபேசியும் புதிய தொலைபேசியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, இரண்டு வாரங்கள் புதியதில் பேசிப் பாருங்கள். மகனைக் காலையில் ஒரு முறையும், தெருவே தொலைக்காட்சி பார்க்கும் இரவு எட்டு மணிக்கு ஒரு முறையும் அழைக்கச் சொல்லுங்கள். குரல் தெளிவாக இருக்கிறது என்று உங்கள் காதுக்குத் திருப்தியான பிறகு 031 எண்ணை மாற்றச் சொல்லி எழுத்தில் கையொப்பம் இடுங்கள். பழைய கம்பியில் ஏடிஎஸ்எல் இணையமும் ஓடுகிறது என்றால், எண் போகும்போது அதுவும் சேர்ந்து நின்றுவிடக்கூடும். ஃபைபர் வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்பதை முன்னதாகவே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாறத்தான் வேண்டுமா என்றும் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். வேண்டும் என்பதே என் எண்ணம். செம்புக்கு விலை இருக்கும்வரை அந்தக் கம்பிக்கு நிம்மதி இல்லை. பழைய செம்பை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை அரசு 2022 நவம்பர் இறுதியில் தடை செய்த பிறகும் வெட்டுவது நின்றபாடில்லை. கண்ணாடி இழையை உருக்கி விற்க முடியாது. செம்பு என்று நினைத்து அதையும் சிலர் அறுத்துவிடுவதுண்டு, ஆனால் மீண்டும் மீண்டும் வரமாட்டார்கள்.

கேள்வி: நாங்கள் ஆறு மாதங்களுக்கு முன்பே ஃபைபர் தொலைபேசிக்கு மாறிவிட்டோம். பேசுவதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மின்சாரம் போனால் தொலைபேசியும் செத்துவிடுகிறது. பழைய தொலைபேசி எந்த இருட்டிலும் வேலை செய்ததே, இது ஏன் செய்யவில்லை? வீட்டில் இருதய நோயாளியான மாமனார் இருக்கிறார். – ஒரு வாசகர், பீனிக்ஸ்

பதில்: இந்தக் கேள்வியை இணைப்பு வாங்கும் முன்பே ஒவ்வொருவரும் கேட்டிருக்க வேண்டும், கேட்காதவருக்கும் விற்பவர் தாமாகவே சொல்லியிருக்க வேண்டும். நோயாளி இருக்கும் வீட்டில் இதைச் சொல்லாமல் விற்பது பெரிய தவறு என்றே நான் கருதுகிறேன்.

பழைய தொலைபேசி உங்கள் வீட்டு மின்சாரத்தைத் தொட்டதே இல்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசை வரிசையாக வைத்திருந்த பெரிய பேட்டரிகள் 48 வோல்ட் மின்சாரத்தை, பேச்சு செல்லும் அதே இரண்டு செம்புக் கம்பிகள் வழியாக உங்கள் வரவேற்பறைவரை அனுப்பிக்கொண்டிருந்தன. மணி அடிப்பதற்கான மின்சாரமும் அங்கிருந்தே வந்தது. தெருவே இருளில் மூழ்கினாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டதற்கு அதுவே காரணம். கண்ணாடி இழையில் வருவது ஒளி மட்டும். ஒளியை வாங்கிப் பேச்சாக்க உங்கள் வீட்டில் மூன்று கருவிகள் மின்சாரம் உண்கின்றன: சுவரில் இழை வந்து முடியும் சிறு பெட்டி, ரவுட்டர், தொலைபேசியை இணைக்கும் அடாப்டர். சில வீடுகளில் ரவுட்டரும் அடாப்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். இவற்றில் ஒன்றுக்கு மின்சாரம் நின்றாலும் தொலைபேசி ஊமைதான்.

இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும், எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவே மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இல்லாத முறையில் போடப்படுகிறது. தெருமுனைப் பெட்டிக்குள் ஒளியைப் பல கிளைகளாகப் பிரிக்கும் கண்ணாடிப் பிரிப்பான் மட்டுமே இருக்கும். எனவே நிறுவனத்தின் நிலையத்தில் பேட்டரியோ ஜெனரேட்டரோ இயங்கிக்கொண்டிருந்து, உங்கள் வீட்டுக் கருவிகளுக்கும் நீங்கள் மின்சாரம் கொடுத்துவிட்டால், தெருவில் விளக்கே இல்லாத இரவிலும் பேசலாம். சிம் அட்டை போட்டு, செல்பேசிக் கோபுரத்தின் வழியே வேலை செய்யும் 'வயர்லெஸ் வீட்டுத் தொலைபேசி'க்கு இந்த உறுதி கிடையாது. கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால், அல்லது அதை யாராவது திருடிவிட்டால், உங்கள் வீட்டில் என்ன பேட்டரி இருந்தும் பயனில்லை.

சரி, எவ்வளவு பேட்டரி வேண்டும்? கடைகளில் ரவுட்டருக்கு என்று விற்கும் சிறிய யுபிஎஸ் பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 8,800 மில்லி ஆம்பியர்-மணி என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்தக் கணக்கு உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களுக்கு உரியது. பெருக்கினால் சுமார் 32.5 வாட்-மணிதான். 12 வோல்ட்டாக மாற்றும்போது ஏற்படும் இழப்பைக் கழித்தால் 27 வரை மிஞ்சும். சுவர்ப் பெட்டி 5 வாட், ரவுட்டர் 8 வாட், அடாப்டர் 3 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 16 வாட் ஆகும். அப்படியானால் அந்தப் பெட்டி ஒன்றே முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. நம் டர்பன் பகுதியில் லோட்ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு என்றால் இரண்டு மணி நேரம், மின்சாரம் திரும்பிவர இன்னும் அரை மணி நேரம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே, அந்தப் பெட்டியைப் போல் இரண்டு மடங்கு வாட்-மணி உள்ளதை வாங்குங்கள். மின்சாரம் ஒரே நாளில் மூன்று முறை போன 2022, 2023ஆம் ஆண்டுகளில், இடையே கிடைத்த நேரத்தில் சிறிய பேட்டரிகள் முழுதாகச் சார்ஜ் ஆகாமலே அடுத்த வெட்டைச் சந்தித்தன. அதையும் மனத்தில் வையுங்கள். 2024 மார்ச்சுக்குப் பிறகு அந்தத் தொல்லை பெரிதும் ஓய்ந்துவிட்டது உண்மைதான். ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் பல பகுதிகளில் மின்சாரமும் தண்ணீரும் நாள்கணக்கில் இல்லாமல் போனதை நாம் எல்லோரும் பட்டு அறிந்தோம்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இணைப்புக் கொடுத்தவர்கள் சுவர்ப் பெட்டியைக் கராஜில் பொருத்தினார்கள். ரவுட்டர் கூடத்தில் இருந்தது. நான் கூடத்தில் யுபிஎஸ் வைத்து, ரவுட்டரில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். முதல் மின்வெட்டில் ரவுட்டர் எரிந்துகொண்டிருக்க, தொலைபேசியில் மட்டும் ஒலி இல்லை. டார்ச் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனபோதுதான் சுவர்ப் பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை என்பது தெரிந்தது. அன்று மாலை முழுவதும், உடல்நலமில்லாத என் தமக்கை என்னை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனவே இன்றே ஒரு சோதனை செய்யுங்கள்: பகல் வேளையில் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து, ரிசீவரை எடுத்து, மாமனாரின் செல்பேசியை அழையுங்கள். மணி அடித்தால், எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துவையுங்கள்.

இன்னும் ஒரு சிறு செய்தி. கம்பியில்லாத கார்ட்லெஸ் தொலைபேசியை வைக்கும் அடித்தட்டுக்குத் தனியே மின்சாரம் வேண்டும். அடாப்டரில் நேராகச் சொருகும் சாதாரணக் கம்பித் தொலைபேசிக்கு அடாப்டரே மின்சாரம் கொடுத்துவிடும். மாமனாரின் கட்டிலருகே அந்த வகைத் தொலைபேசியை வையுங்கள்.

ஆபத்து நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 10177, காவல்துறைக்கு 10111 ஆகிய எண்கள் இணையத் தொலைபேசியில் சரியான இடத்துக்குப் போகின்றனவா என்று நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பழைய இணைப்பு ஒரு வீட்டுக்கென்றே ஓடிய கம்பி. இணைய எண்ணோ நீங்கள் அடாப்டரை எந்த ஊருக்கு எடுத்துச் சென்றாலும் அங்கே வேலை செய்யும். எனவே நிறுவனத்தின் பதிவில் உள்ள முகவரி உங்கள் இன்றைய முகவரிதானா என்று சரிபார்ப்பதோடு, அழைக்கும்போது நோயைச் சொல்வதற்கு முன் வீட்டு எண்ணையும் தெருவையும் சொல்லும்படி வீட்டில் எல்லோரையும் பழக்குங்கள். சார்ஜ் செய்த செல்பேசி ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். அதில் 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

கேள்வி: எங்கள் தாத்தா வாங்கிய, விரலால் சுழற்றும் கறுப்புத் தொலைபேசி இன்னும் வேலை செய்கிறது. வீட்டில் நான்கு அறைகளில் தொலைபேசிச் சாக்கெட்டுகளும் இருக்கின்றன. இணையத் தொலைபேசிக்கு மாறினால் இவை எல்லாம் வீண்தானா? – ஒரு வாசகி, டோங்காட்

பதில்: வீணில்லை. வட்டைச் சுழற்றும் தொலைபேசி, எண்ணுக்கு ஏற்றவாறு மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டித்து எண்ணைத் தெரிவிக்கிறது. ஐந்தைச் சுழற்றினால் ஐந்து துண்டிப்பு, அதாவது ஐந்து துடிப்பு. இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலானவை பொத்தான் ஒலியை மட்டுமே அறியும். ஆகவே தாத்தாவின் தொலைபேசியில் மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம். அதிலிருந்து அழைக்க மட்டும் முடியாமல் போகலாம். துடிப்பை ஒலியாக மாற்றும் சிறு கருவி தனியே கிடைக்கிறது. துடிப்பை அறியும் அடாப்டரும் சில உண்டு. வாங்கும் முன் கேளுங்கள். அந்தக் காலத்து மணி நிறைய மின்சாரம் இழுக்கும் என்பதால், ஒரே அடாப்டரில் அப்படிப்பட்ட தொலைபேசிகள் மூன்று நான்கைச் சேர்த்தால் எதுவுமே ஒழுங்காக அடிக்காது.

நான்கு அறைச் சாக்கெட்டுகளையும் பயன்படுத்தலாம். அடாப்டரின் தொலைபேசித் துளையிலிருந்து ஒரு கம்பியை ஏதாவது ஒரு சுவர்ச் சாக்கெட்டில் சொருகினால் மற்ற மூன்றிலும் டயல் டோன் வரும். ஆனால் அதற்கு முன், கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் பழைய கம்பி முழுதாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். எண் மாறிவிட்டாலும் அந்தக் கம்பியில் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் நின்றுகொண்டிருக்கக் கூடும். அது அடாப்டருக்குள் புகுந்தால் அடாப்டர் எரிந்துவிடும். இதை மட்டும் விவரம் தெரிந்தவரை அழைத்துச் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மளிகைக் கடை நடத்துகிறேன். கார்டு மெஷின், ஃபேக்ஸ், திருட்டு அலாரம் மூன்றும் ஒரே தொலைபேசிக் கம்பியில் இருக்கின்றன. மாறினால் பாதிக்குமா? – ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: மூன்றும் பாதிக்கப்படலாம். பேச்சு சிறு துண்டுகளாக்கப்பட்டு அனுப்பப்படும்போது ஒரு துண்டு வழியில் தொலைந்தாலும் மனிதக் காது அதைப் பொறுத்துக்கொள்ளும்; இந்தக் கருவிகளுக்குள் தகவலை ஒலியாக்கி அனுப்பும் மோடம் பொறுக்காது. கார்டு மெஷினை சிம் அட்டையிலோ இணையக் கம்பியிலோ வேலை செய்யும் வகைக்கு மாற்றித் தரும்படி வங்கியிடம் கேளுங்கள். ஃபேக்ஸ் தவிர்க்கவே முடியாதது என்றால் இணையத்தில் ஃபேக்ஸ் அனுப்புவதற்கான டி.38 என்ற முறையை ஏற்கும் அடாப்டரும் நிறுவனமும் வேண்டும். அலாரத்தை மட்டும் ஒரு நாள்கூடச் சோதிக்காமல் விடாதீர்கள்: ஆயுதக் காவல் நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு அலாரத்தை அடிக்கவிட்டு, அவர்கள் திரையில் செய்தி விழுந்ததா என்று கேளுங்கள். வானொலி அலையில் தெரிவிக்கும் பெட்டி கிடைத்தால் அதற்கு மாறிவிடுவதே மேல்.

கடைக்காரர் என்பதால் வேறொன்றும் சொல்கிறேன். இணையத் தொலைபேசிக் கணக்கின் கடவுச்சொல்லை எங்கிருந்தாவது ஒருவன் உடைத்துவிட்டால், ஒரே இரவில் வெளிநாட்டு எண்களுக்கு ஆயிரக்கணக்கான ரேண்டுக்குப் பேசிவிட முடியும்; பில் உங்கள் பெயருக்கு வரும். வெளிநாட்டு அழைப்புத் தேவையில்லை என்றால் அதை மூடச் சொல்லுங்கள். தேவை என்றால், முன்பணம் செலுத்தி அது தீர்ந்ததும் நின்றுவிடும் திட்டத்தை எடுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரில் இருக்கும் உறவினரோடு இணையத் தொலைபேசியில் பேசும்போது சில நேரம் குரல் வெட்டி வெட்டி வருகிறது. இன்னும் வேகமான இணைப்பு வாங்க வேண்டுமா? – ஒரு வாசகர், லெனேசியா

பதில்: வாங்க வேண்டாம். ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு நூறு கிலோபிட்டுக்கும் குறைவே போதும். உங்களிடம் இருக்கும் மிகச் சிறிய ஃபைபர் இணைப்பும் அதைப் போல் பல மடங்கு பெரியது. குரல் வெட்டுவதற்குக் காரணம், துண்டுகள் சீரான இடைவெளியில் வந்து சேராமல் இருப்பது. தொலைபேசியோ அடாப்டரோ வைஃபையில் இருந்தால், முதலில் ரவுட்டருக்கு நேராகக் கம்பி போடுங்கள். நீங்கள் பேசும் அதே நேரத்தில் வீட்டில் யாராவது கோயில் திருவிழா வீடியோக்களை மேலேற்றிக்கொண்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ரவுட்டரில் பேச்சுக்கு முன்னுரிமை தரும் அமைப்பு இருந்தால் அதை இயக்கலாம். குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்டு மறுபக்கம் கேட்காவிட்டால், இணைய அழைப்புகளில் குறுக்கிட்டு மாற்றும், ரவுட்டரின் 'சிப் ஏஎல்ஜி' என்ற அமைப்பை அணைத்துப் பாருங்கள். பல வீடுகளில் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

பேசுபவர் வாய் திறந்து, குரல் மறுமுனையை அடைய 150 மில்லி நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது தொலைபேசித் துறையின் வழக்கமான அளவுகோல். இங்கிருந்து தஞ்சாவூர் தொலைவு என்பதால் சில வேளைகளில் அந்த எல்லையை ஒட்டியே பேச வேண்டியிருக்கும். அப்போது இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவது இயல்பு. அவர் வாக்கியத்தை முடித்த பின் ஒரு மூச்சு விட்டுப் பேசத் தொடங்குங்கள். அங்குள்ளவரிடமும் அப்படியே சொல்லிவையுங்கள்.